அப்பாவின் கையும் ஸ்டீம் வால்வும்

அப்பாவுக்குச் சிறுமூளையில் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. கை கால் விழவில்லை. பேச்சு கொஞ்ச நாள் குழறியது, அதுவும் தெளிந்துவிட்டது. வலு அப்படியே இருக்கிறது, மாங்காய் பறிக்கும் தொரட்டியைக் கொடுத்தால் இன்றைக்கும் தூக்கிவிடுவார். எதிரே இருக்கும் டம்ளரை எடுப்பதுதான் முடியவில்லை.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் வீடு. திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அந்தக் கையைப் பார்க்கிறேன். மடியில் இருக்கும்போது துளி நடுக்கம் கிடையாது. டம்ளரை நோக்கிக் கிளம்பும்போதும் ஒழுங்காகத்தான் கிளம்புகிறது. கிட்டே போகப் போக ஆட்டம் எடுக்கும், டம்ளரைத் தாண்டி இடது பக்கம் போய்விடும், திருத்த வலது பக்கம் இழுப்பார், அது அந்தப் பக்கம் தாண்டும், கடைசியில் விரல் பட்டு டம்ளர் சாய்ந்து பாதித் தண்ணீர் திண்ணையில். "எட்டிப் புடிக்கறதுக்குள்ள தாண்டிப் போயிடுது கண்ணு" என்றார் ஒருநாள்.

இந்த ஆட்டத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் எனக்குக் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. கூழைச் சூடாக்க ஸ்டீம் வால்வு ஓரிடத்தில், வெப்பத்தை அளக்கும் சென்சார் குழாயில் தள்ளி இன்னோரிடத்தில். வால்வு திறந்ததன் பலன் சென்சாருக்குத் தெரிய இருபது நொடி போல ஆகும். அந்த இருபது நொடியில் கண்ட்ரோலர் 'இன்னும் சூடு ஏறலையே' என்று வால்வை மேலும் மேலும் திறந்துவிடும். அப்புறம் சூடு எகிறும், பயந்துபோய் மூடும், சூடு இறங்கும், மறுபடி திறக்கும். ஸ்க்ரீனில் கோடு பாம்பு மாதிரி நெளியும். இந்தத் தாமதத்தை 'டெட் டைம்' என்போம். வால்விலும் கோளாறு இல்லை, சென்சாரிலும் கோளாறு இல்லை, பழைய செய்தியை வைத்து இப்போதைய முடிவை எடுப்பதுதான் கோளாறு.

இதற்கு 1957இல் ஓட்டோ ஸ்மித் என்ற பொறியாளர் ஒரு வழி சொன்னார். கண்ட்ரோலருக்குள்ளேயே குழாயின் கணக்கை வைத்துவிட வேண்டும். வால்வை இவ்வளவு திறந்தால் சூடு இவ்வளவு ஏறும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும், கண்ட்ரோலர் சென்சாருக்காகக் காத்திருக்காமல் அந்தக் கணிப்பை வைத்தே வேலை செய்யும். அதே கணிப்பைத் தாமதத்தின் அளவு நிறுத்திவைத்து, நிஜ அளவு வந்ததும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் திருத்திக்கொள்ளும்.

உடம்பிலும் டெட் டைம் உண்டு. கண்ணில் பட்டது மூளைக்குப் போய்த் தசையில் திருத்தமாக வந்து சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிறது. டம்ளரை எட்டி எடுக்கும் வேலையே அரை நொடி, முக்கால் நொடி சமாச்சாரம். நாம் ஆடாமல் எடுக்கிறோம் என்றால் உள்ளே ஏதோ ஒன்று கையின் கணக்கை முன்னாலேயே போட்டுக்கொண்டிருக்கிறது. சிறுமூளைதான் அந்த ஸ்மித் பெட்டியோ என்று 1993இல் மியால், வோல்பர்ட் உள்ளிட்ட நால்வர் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை. ஆனால் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் 6,900 கோடி அதற்குள் இருக்கின்றன. அங்கே உள்ள பெரிய நரம்பு செல்லுக்குப் பர்கின்ஜி செல் என்று பெயர். அப்படி ஒரு செல்லுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகளிலிருந்து செய்தி வருகிறது, கூடவே ஒரே ஒரு 'ஏறும் இழை' கொடி மாதிரி அதைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது. அந்த ஒற்றை இழைதான் வாத்தியார் என்று 1969இல் டேவிட் மார் சொன்னார். வாத்தியார் சொன்னால் அந்த மெல்லிய இழைகளின் இணைப்புகள் வலுக்கும் என்பது அவர் கணக்கு. இல்லை, தப்பைச் சுட்டிக்காட்டும்போது வலுக் குறையும் என்றார் ஆல்பஸ், 1971இல். 1982இல் மசாவோ இட்டோ குழுவினர் சோதித்துப் பார்த்தபோது குறையத்தான் செய்தது. தாளில் போட்ட கணக்கு பத்து வருஷம் கழித்து செல்லுக்குள் தெரிந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

இன்னொரு சோதனை, 1996இல் தாச் குழுவினர் செய்தது. பார்வையைப் பக்கவாட்டில் தள்ளும் கண்ணாடியைப் போட்டுவிட்டுக் களிமண் உருண்டையை இலக்கில் எறியச் சொன்னார்கள். நல்ல சிறுமூளை உள்ளவர்கள் முதலில் தப்பாக எறிந்து, எறிய எறியச் சரிசெய்துகொண்டார்கள். கண்ணாடியைக் கழற்றியதும் கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் எறிந்தார்கள், அதாவது உள்ளே இருந்த கணக்கே மாறியிருந்தது. சிறுமூளை பாதித்த பலருக்கு அந்தத் திருத்தம் நடக்கவே இல்லை.

மூளை ஃபேக்டரி அல்ல, எனக்குத் தெரியும். சிறுமூளை ஸ்மித் பெட்டி என்பது ஒரு மாதிரிதான், முடிந்த முடிவு அல்ல. ஆனாலும் அப்பாவின் கையைப் பார்க்கும்போது 'இது பலவீனம் இல்லை, சோம்பல் இல்லை, செய்தி பழசு' என்று எனக்குப் புரிய வைத்தது அந்த மாதிரிதான். அதற்கு முன்னால் "பாத்து எடுப்பா" என்று நான் அவரிடம் எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். பார்த்துத்தான் எடுக்கிறார், பார்ப்பது வந்து சேர எல்லாருக்கும் போல நேரமாகிறது, அதை ஈடுகட்டும் கணிப்புதான் அவருக்குச் சரியாக இல்லை.

பிசியோதெரபி செய்பவர் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது. முழங்கையை எதன் மேலாவது ஊன்றிக்கொள்ளச் சொன்னார், மெதுவாக நகர்த்தச் சொன்னார். ஃபேக்டரியிலும் டெட் டைம் அதிகம் என்றால் கண்ட்ரோலரின் வேகத்தைத் தானே குறைக்கிறோம்? திண்ணையில் ஒரு குட்டி மேசை போட்டேன். கனமான பித்தளைச் சொம்பு வைத்தேன், விரல் பட்டாலும் சாயாது. நேற்றுக் காலை அப்பா முழங்கையை ஊன்றி, கையை மேசையோடு தேய்த்துத் தேய்த்துக் கொண்டுபோய், ரெண்டு தரம் ஆடி நின்று, சொம்பைப் பிடித்துக் கேழ்வரகுக் கூழை முழுசாகக் குடித்தார்.