சாயத்தண்ணியில் நிறத்தைப் பார்க்காதீர்கள், உப்பைப் பாருங்கள்

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் சாயப்பட்டறைத் தண்ணி கலந்து சிவப்பாக ஓடினால் உடனே படம் எடுத்துப் போடுகிறோம். நிறமில்லாமல் ஓடினால் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் கிணற்றையும் விளைநிலத்தையும் முக்கியமாகக் கெடுத்தது உப்பு. அது கண்ணுக்குத் தெரியாது.

பருத்திப் பின்னல் துணியில் அடர் நிறம் ஏற லிட்டருக்குச் சுமார் 60 கிராம் உப்பு போடுவார்கள். கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணி என்றால் 360 கிராம். சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளுவதோடு உப்பின் வேலை முடிந்தது, துணியில் அது தங்காது. போட்டது முழுக்க அலசும் தண்ணியோடு வெளியே வந்துவிடும். ஒரு நாளில் 5 டன் துணிக்கு இப்படிச் சாயம் போட்டால் 1,800 கிலோ உப்பு.

1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, இந்த உப்புத் தண்ணி தேங்கும் குட்டையாகிப் போனது. கீழ்நொய்யல் விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்தினார்கள். ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதற்கான சுத்திகரிப்பு இப்படி: முதலில் நுண்ணுயிர்த் தொட்டி, அடுத்து நிறநீக்கம், பிறகு தண்ணியைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ. நூற்றில் 85 பங்கு நல்ல தண்ணி திரும்பக் கிடைக்கும். மீதி 15 பங்கில்தான் மொத்த உப்பும் இருக்கும்: லிட்டருக்கு 6,000 மில்லிகிராமாக உள்ளே போனது கிட்டத்தட்ட 40,000 ஆகியிருக்கும். அதை ஆவியாக்க பாய்லர் ஓயாமல் ஓட வேண்டும், செலவில் பெரும்பகுதி அங்கேதான். தண்ணியில் கடினத்தன்மை இருந்தால் சவ்வில் படிவு கட்டி, 85 என்பது 70 ஆகும். ஆவியாக்கிக்கு வரும் சுமை இரட்டிப்பாகும். அதனால் ராத்திரியில், மழை நேரத்தில் ஓடையில் திறந்துவிடும் சபலம் இந்த இடத்தில்தான் வரும். இன்னொரு தப்பு, சாயத்துக்குப் போடும் இன்னொரு உப்பான சோடியம் சல்பேட்டோடு சாதா உப்பையும் கலந்து புழங்குவது. கடைசியில் கிடைக்கும் கலப்பு உப்பைச் சாயத்துக்கும் போட முடியாது, வாங்கவும் ஆள் இல்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடந்து, ஒழுகும் கூரைக்கடியில் மழையில் கரைந்து மறுபடி மண்ணுக்கே போகும்.

அதனால் எந்த நிறுவனமாவது "நாங்கள் சுத்தம்" என்றால் உப்புக் கணக்கைக் கேளுங்கள். இந்த மாதம் எவ்வளவு வாங்கினார்கள், மீட்டுத் திரும்பப் போட்டது எவ்வளவு, கொட்டகையில் இருப்பு எவ்வளவு? தண்ணி மீட்டரை நிறுத்திவைக்கலாம். உப்பு காணாமல் போகாது; கணக்கில் இடிக்கும் உப்பு ஓடையிலோ நிலத்தடியிலோதான் இருக்கும்.

ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது: தண்ணி ஓடும் போக்கில் ஆலைக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு என்று மூன்று கிணறுகளைக் குறித்துக்கொண்டு, மாதாமாதம் ஒரே தேதியில் தண்ணியில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்து எழுதி வாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை. மேலே மாறாமல் கீழே மட்டும் ஏறினால் அதுதான் ஆதாரத்துக்கான தொடக்கம். மாதிரி எடுக்கும்போது கேனை அதே தண்ணியில் மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி, இடம், தேதி, நேரம் எழுதுங்கள். ஆனால் நாமே எடுத்த மாதிரியை நம்பி ஆலைமீது வழக்கு நிற்காது. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி முறையாக எடுத்து, முத்திரையிட்டு அனுப்பிய மாதிரிதான் செல்லும். உங்கள் பட்டியலைக் கொடுத்து அவரை எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த ஓடைக்கு வரச் சொல்வது என்பதை முடிவு பண்ணத்தான் இத்தனை மாதக் குறிப்பும்.