மூச்சு நிற்கும் சில வினாடிகள்

"மூச்சை நல்லா இழுங்க... அப்படியே நிறுத்துங்க." சி.டி. ஸ்கேன் அறையில் ஒரு நாளில் நான் அதிகம் சொல்வது இதைத்தான். நெஞ்சை முழுவதுமாகப் படம்பிடிக்க இன்றைய கருவிக்குச் சில வினாடிகள் போதும். நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு அந்தச் சில வினாடிகளே பெரும்பாடு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வந்தார். கருவியில் பதிவாகியிருந்த குரலை ஓடவிட்டு ஸ்கேனை முடித்துவிட்டேன். படத்தில் நுரையீரலின் கீழ்ப்பகுதி, முதுகுப் பக்கமாக, பனி மூடியதுபோல் மங்கலாக இருந்தது. நுரையீரல் தழும்பேறும் நோயின் தொடக்கமும் அப்படித்தான் தெரியும். ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை தரும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் அவற்றை மெதுவாக நகர்த்தி மூச்சுக்குழாயில் நிறுத்தினார். வட்டமாக இருக்க வேண்டிய குழாயின் பின்சுவர் உள்ளே குழிந்திருந்தது. "இவர் மூச்சை இழுக்கவே இல்லப்பா, விட்டிருக்கார்" என்றார்.

பெரியவருக்குக் காது மந்தம். நான் அதைக் கேட்கவே இல்லை. இந்த முறை பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து, குப்புறப் படுக்கவைத்து மறுபடி எடுத்தோம். மங்கல் மறைந்தது. தழும்பாக இருந்தால் எப்படிப் படுத்தாலும் போகாது. என் அவசரத்தால் அவர் இரண்டாவது முறை கதிர்வீச்சை வாங்க வேண்டியதாயிற்று. அது இன்றும் உறுத்துகிறது.

நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் அழியும் எம்பைசீமா நோயில் தவறு வேறு விதமாக வரும். சி.டி. படத்தில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் தண்ணீர் 0, காற்று -1000. முழு மூச்சில் எடுத்த படத்தில் -950-க்குக் கீழே உள்ள புள்ளிகளைக் காற்றறைச் சுவர்கள் அழிந்த இடங்களாகக் கணினி எண்ணுகிறது. மூச்சு பாதியில் நின்றால் நுரையீரல் அடர்த்தியாகத் தெரியும், அந்தப் புள்ளிகளின் விகிதம் குறைந்துவிடும். போன வருடப் படத்தோடு ஒப்பிட்டால் நோய் தணிந்ததுபோல் இருக்கும். பொய்யான நல்ல செய்தி அது. மூச்சை விட்டபின் எடுக்கும் படமும் உண்டு. வெளியேற முடியாமல் உள்ளே சிக்கிய காற்று அதில் கறுப்புத் திட்டுகளாகத் தெரியும்.

அதனால் இப்போது மேசையில் படுக்கவைக்கும் முன்பே நாற்காலியில் உட்காரவைத்து மூன்று முறை ஒத்திகை பார்க்கிறேன். நானும் கூடவே மூச்சை இழுப்பேன். மல்லாந்து படுத்தாலே இவர்களில் பலருக்குத் திணறும். எனவே எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுக் கடைசியில்தான் படுக்கச் சொல்வேன். படத்தைக் கீழிருந்து மேலாக எடுப்பேன். உதரவிதானத்தை ஒட்டிய பகுதிதான் மூச்சில் அதிகம் அசையும். அது முதலில் முடிந்துவிட்டால், கடைசி வினாடியில் மூச்சு நழுவினாலும் பெரிய நஷ்டமில்லை.

அந்தப் பெரியவர் மறு வருடமும் வந்தார். மேசையிலிருந்து எழுந்ததும், "இந்த வாட்டி சரியா இழுத்தேனா தம்பி?" என்று கேட்டார். நோய் எப்படி இருக்கிறது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மூச்சைப் பற்றி நான் சொல்லலாம். திரையில் மூச்சுக்குழாயைப் பார்த்தேன். வட்டமாக இருந்தது.

"நல்லாவே இழுத்தீங்க ஐயா."