ஆயா வராத நாட்கள்

சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில், மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் தண்ணீர்ப் பாட்டில் வார் பள்ளி வேனின் கதவில் சிக்கிக்கொண்டது. இறங்கியவள் இரண்டடி வைப்பதற்குள் வேன் நகர, வார் இழுத்து அவள் தடுமாறி விழுந்ததை வாசலில் நின்றபடி பார்த்தேன். நல்ல வேளையாக வார் அறுந்துவிட்டது. முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. கதவைச் சாத்தியது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டிய ஆயா அன்று வண்டியில் இல்லை.

நாங்கள் குடியிருப்பது மேற்குத் தாம்பரத்தில். 2012 ஜூலையில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தது எங்களுக்கு அருகிலுள்ள முடிச்சூரில்தான். பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சிறப்பு விதிகள் அந்த ஆண்டுதான் வந்தன. வண்டியில் உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும், அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் வேண்டும் என்று அவை சொல்கின்றன. 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்த பிறகு, கேமராவும் சென்சாரும் கட்டாயமாயின. தஞ்சை மாவட்டத்தில் நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் கருகிப் போனார்கள். அதன் பிறகுதான் எங்கள் பள்ளியின் கீற்றுக் கொட்டகையைப் பிரித்தார்கள். கீற்று தீப்பிடிக்கும் என்பது அதற்கு முன் யாருக்கும் தெரியாததா என்ன? இன்று நம் பிள்ளைகளுக்கு இருக்கும் பாதுகாப்பில் பெரும்பகுதி, யாரோ ஒரு தாய் தன் பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு எழுதப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அன்று மாலை நான் பள்ளிக்குத் தொலைபேசியில் பேசவில்லை. "புகார் கொடுத்தால் கோபத்தைப் பிள்ளையிடம் காட்டிவிடுவார்கள்" என்றார் கணவர். எனக்கும் அதே பயம்தான். அந்த வேனில் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதினேன். தனித்தனியாக என்னை அழைத்து, தங்கள் பிள்ளைக்கும் இப்படி ஒருமுறை நடந்தது என்று சொன்னவர்கள் பலர். குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டணம் கட்டியிருக்கிறோம், நடுவில் வேறு பள்ளியில் இடம் கிடைக்காது, வகுப்பாசிரியர் முகம் சுளித்தால் அதைத் தாங்க வேண்டியவள் எட்டு வயதுப் பிள்ளை. பள்ளி நிர்வாகங்கள் பெற்றோரின் அமைதியைத் திருப்தி என்று எடுத்துக்கொள்வது தவறு என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை வேன் வந்து நின்றதும் ஏறிப் பார்த்தேன். பின்னாலிருந்த அவசரக் கதவை மறைத்துப் புத்தகப் பைகள் சன்னல் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் பை மூன்று கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. என் மகளின் பையை மளிகைக்கடைத் தராசில் வைத்தபோது நாலரைக் கிலோவைத் தாண்டியது. அந்தப் பையை மடியில் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகள் பின்னால் போடுகிறார்கள். பின்னால் போட்டால் கதவு மறைகிறது. ஓட்டுநரைக் கேட்டேன். "வேற எங்கக்கா வைக்கிறது?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர் கெட்ட மனிதர் அல்லர். காலையில் மூன்று நடை அடிப்பவர்.

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது அன்றிரவு மகள் சொன்னதுதான். ஆயா மூன்று நாட்களாகவே வரவில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மருந்து தடவிய முழங்காலையே பார்த்துக்கொண்டு, "நீ டிரைவர் அங்கிளைத் திட்டுவேன்னுதான் சொல்லலை" என்றாள். பெரியவர் ஒருவருக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாது என்று எட்டு வயதுப் பிள்ளை தன் பயத்தை விழுங்கியிருக்கிறது. இந்தச் சின்ன விஷயத்தையே மறைப்பவள், நாளை யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று மிரட்டினால் என்ன செய்வாள்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012-இன் போக்சோ சட்டம். 1098 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. அவையெல்லாம் அசைய வேண்டுமானால், பிள்ளை முதலில் வீட்டில் வாய் திறக்க வேண்டும். மாலையில் அவள் வந்ததும் "இன்னிக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டே பழக்கியிருந்தவள் நான்.

இப்போது யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், கழிப்பறைக்கு யாருடன் போனாய், எந்த நேரத்தில் பயமாக இருந்தது என்று கதை கேட்பதுபோலக் கேட்கிறேன். சொல்வது எதுவாக இருந்தாலும் உடனே கோபப்படாமல் இருக்க முயல்கிறேன். அதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் நான்கு தாய்மார்கள் கையெழுத்திட்ட கடிதத்தோடு தலைமையாசிரியரைச் சந்தித்தோம். அரைமணி நேரம் காக்க வைத்தாலும் பொறுமையாகவே கேட்டார். ஒரு வாரத்தில் புது ஆயா வந்தார். மூன்றாம் வகுப்புக்குப் பாட நோட்டுகளில் பாதி வகுப்பறை அலமாரியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவசரக் கதவின் கைப்பிடி மட்டும் இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது. பெரியவர்கள் இழுத்தாலே சிரமம். அதற்காக இரண்டாவது கடிதம் எழுதியிருக்கிறோம், இம்முறை ஒன்பது கையெழுத்துகள்.

போன செவ்வாய்க்கிழமை வேனிலிருந்து இறங்கியவள் வாசலில் நின்றே, "அம்மா, இன்னிக்கு ஆயா வரலை" என்றாள். அவள் ஷூவைக் கழற்றி முடிப்பதற்குள் பள்ளி அலுவலகத்தை அழைத்துவிட்டேன்.