பாதாம் மரத்தடி

மும்பை தாராவியில் நம் பள்ளியில் படித்தவர்களிடம் பாதாம் மரம் என்று சொன்னால் போதும், நாக்கில் அந்தத் துவர்ப்பு வந்துவிடும். பழத்தைக் கடித்துத் தின்றுவிட்டு, கொட்டையைக் கல்லால் உடைத்து, உள்ளே விரல்நுனி அளவு பருப்புக்காக அடித்துக்கொண்ட கூட்டம் நாம். சட்டையில் பட்ட கறைக்காக வீட்டில் வாங்கிய அடியும் சேர்த்தே நினைவிருக்கும்.

இப்போது வளைகுடாவில் ஆளுக்கொரு கட்டிலும் அறையும் கிடைத்துவிட்டது. அன்று தாராவியில் நாங்கள் ஏழு பேர், பத்துக்குப் பன்னிரண்டு அடி கோளி, அதாவது ஒற்றை அறை. மூலையில் குளிக்க, கழுவ மோரி, மேலே தகரம். கல்லி என்ற சந்துக்குள் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நண்பகலிலும் குழல்விளக்கு எரியும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆச்சி, வாசற்படியில் ஒரு டால்டா டின்னில் துளசி வைத்திருந்தாள். அந்தப் பகுதியில் எனக்குத் தெரிந்து மண் இருந்த ஒரே இடம் அந்த டின்தான். அதனால் பள்ளி முற்றத்து மரத்தை மற்ற ஊர்ப் பிள்ளைகள் பார்ப்பதுபோல நாம் பார்க்கவில்லை. வெயில் இலைக்குள் நுழைந்து மண்ணில் புள்ளிபுள்ளியாக விழும் என்பதையே அங்கேதான் முதலில் கண்டேன்.

மார்ச் மாதத்தில் வகுப்பறை தகரக்கூரை காய்ந்துவிடும். தமிழாசிரியர் இரண்டாவது மணி அடித்ததும், "கிளம்புங்கல, மரத்தடிக்கு" என்பார். கிளைகள் தட்டுத்தட்டாக விரிந்த மரம் அது. பாயைப் போட்டு நாற்பது பேர் உட்கார்ந்தாலும் நிழல் மிச்சம் இருக்கும். உதிர்வதற்கு முன் இலைகள் செக்கச்செவேலென்று ஆகும். அதைப் பொறுக்கிப் புத்தகத்துக்குள் வைப்போம்.

அவர்தான் 1994 ஜூலையில் ஏழாம் வகுப்பை ஒரு காட்டுக்குக் கூட்டிப்போனார். பஸ் டிப்போவைத் தாண்டி, பாந்திரா–சயான் இணைப்புச் சாலையைக் கைகோத்துக் கடந்தோம். எதிரே மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. அந்த ஏப்ரல் 22, புவி நாளில்தான் திறந்திருந்தார்கள். வாசலைத் தாண்டி நூறடி போயிருப்போம், லாரிச் சத்தம் அடங்கிவிட்டது. செருப்புக்கடியில் நிலம் மெத்தென்று அமுங்கியது. மழை நின்ற பிறகும் இலைகளிலிருந்து நெடுநேரம் சொட்டிக்கொண்டிருந்தது. சிமெண்ட் தரையில் மழை விழும் சத்தம் மட்டுமே தெரிந்த எங்களுக்கு அந்தச் சொட்டல் புதிது.

ஆசிரியர் எங்களை ஓரிடத்தில் நிறுத்தி, "இது என்ன இடம்னு தெரியுமா?" என்று கேட்டார். 1977 வரை இங்கேதான் பம்பாயின் குப்பையைக் கொட்டினார்கள், அதன்மேல் மண் பரப்பிக் கன்று நட்டார்கள், 1983-ல் முதல் கன்றை நட்டவர் பறவையியலாளர் சலீம் அலி, மொத்தம் 37 ஏக்கர் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். என் பக்கத்தில் நின்றவன், இன்றுவரை என் உயிர்த்தோழன், மெதுவாகச் சொன்னான்: "எங்கப்பா சின்னப்பிள்ளையில இங்கதான் சார் தகரம் பொறுக்குனாவ."

யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் அவன் தோளில் கை வைத்து, "அப்பாவை ஒருநாள் இங்க கூட்டிட்டு வால" என்றார். அவன் கூட்டிப்போனான். அவன் அப்பா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தாராம்.

பூங்காவின் ஓரத்தில் மித்தி ஆறு. கறுப்புத் தண்ணீர், அதன் கரையில் சதுப்பில் வளரும் கண்டல் செடிகள். சேற்றிலிருந்து விரல்போல் நீட்டிக்கொண்டிருந்தவை அவை மூச்சு விடும் வேர்கள் என்று ஆசிரியர் காட்டினார். 11 ஆண்டுகள் கழித்து, 2005 ஜூலை 26 அன்று, மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. எங்கள் கோளியில் மார்பளவு தண்ணீர். ஆச்சியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறும்போது அந்த வேர்கள்தான் கண்ணில் வந்தன. அவ்வளவு மழையை எந்தக் காடும் முழுதாகத் தாங்கியிருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆற்றோரச் சதுப்பைத் தூர்த்துத் தூர்த்துக் கட்டடமாக்கிய பிறகு, அந்தத் தண்ணீர் ஒதுங்குவதற்கு நம் வீடுகளைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை.

2007-ல் துபாய் வந்தேன். அன்றிலிருந்து சாலையோர மரங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் பராமரிக்கும் வேலை. இங்கே ஒவ்வொரு மரத்துக்கும் தனிக்குழாய். சுத்திகரித்த கழிவுநீரை அளந்து விடுகிறோம். ஒரு குழாய் அடைத்துக்கொண்டால் நாலே நாளில் இலை சுருண்டு காட்டிக்கொடுத்துவிடும். இந்த நாட்டின் தேசிய மரமான காஃப், நம் கோயில்களில் நிற்கும் அதே வன்னிதான் என்று தெரிந்த அன்று வேலை முடிந்ததும் அதன் கீழே நின்றுவிட்டுத்தான் அறைக்குப் போனேன். மழையே பார்க்காத மணலில் மரத்தை இப்படிப் பிள்ளைபோல வளர்க்கிறார்கள். மும்பையில் நாலு மாதம் வானமே தண்ணீர் ஊற்றுகிறது. மரத்துக்கு நாம் கொடுக்க வேண்டியது கொஞ்சம் திறந்த மண், அவ்வளவுதான்.

அதைத்தான் நம் பாதாம் மரத்துக்குக் கொடுக்காமல் விட்டோம். 2017 விடுமுறையில் போனபோது முற்றம் முழுக்கப் பளபளவென்று சிமெண்ட். அடிமரத்தைச் சுற்றிக் கையளவு மண்கூட இல்லை. வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மேலே பூசி மூடிவிட்டால் வேர் பலம் இழக்கும், பலத்த காற்றில் மரம் சாயும். மறு மழைக்காலத்தில் நம் மரமும் சாய்ந்தது. நல்லவேளை, இரவு நேரம்.

மகாராஷ்டிரத்தில் நகர்ப்புற மரங்களுக்கென்று 1975-லேயே சட்டம் இருக்கிறது. மரத்துக்கு எந்த வகையில் சேதம் செய்தாலும் வெட்டியதாகவே அதில் கணக்கு. ஆனால் சிமெண்ட் கலவையை ஊற்றும்போது அது வெட்டு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. முற்றம் சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். தில்லியில் 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை உள்ள கான்கிரீட்டை எடுக்கச் சொன்னது. ஒரு மீட்டர் என்பது நம் பழைய மரப்பெஞ்சின் நீளம்கூட இல்லை.

நம் பழைய மாணவர் சங்கத்தில் இந்த ஆண்டு பள்ளி நுழைவாயிலுக்கு வளைவு கட்டப் பணம் திரட்டுகிறோம். வளைவு வரட்டும். அதற்கு முன்பாக, வாசலருகே நிற்கும் அரசையும் கிணற்றடி வேம்பையும் சுற்றி ஒரு மீட்டர் சிமெண்டை உடைத்து மண்ணைத் திறக்க அனுமதி கேட்போம் என்று வரும் கூட்டத்தில் தீர்மானம் வைக்கப்போகிறேன். கூலி ஆட்களின் செலவை நானே ஏற்கிறேன். பழைய பாதாம் நின்ற இடத்தில் ஒரு குழியும் வேண்டும்.

கன்றுக்கு அலைய வேண்டாம். தோழனின் மகள் இப்போது நம் பள்ளியில்தான் படிக்கிறாள். அந்த மரத்தின் கொட்டைகள் சிலவற்றை அவன் எடுத்து வைத்திருந்தான், அவை முளைக்கவில்லை. அதனால் மகள் பூங்கா பக்கத்திலிருந்து மூன்று பாதாம் கொட்டை பொறுக்கி வந்து, டின்னில் போட்டிருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை பேசும்போது அவன் சொன்னான்: "ஒண்ணு முளைச்சிருக்குல. நாலு இலை. மழைக்கு முன்ன குழி தோண்டணும், சங்கத்துல சொல்லு."