பூட்டிய வீட்டுக்குப் பதிலாக

மாற்று வீடு எடுக்கக் கூடாது. வாய்நலக் கணக்கெடுப்புக்குப் போனவர்கள் எல்லாருக்கும் இந்த விதி மனப்பாடம். பட்டியலில் உள்ள வீடு பூட்டியிருந்தால் மாலையில் வந்து பார்க்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கவேண்டும். அப்போதும் ஆள் இல்லையென்றால் ‘பதில் இல்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். அடுத்த வீடு என்றால் பட்டியலில் அடுத்தது, பக்கத்து வீடு கிடையாது. புதிதாக வரும் பல் மருத்துவர்களுக்கு இதை நானே வகுப்பெடுத்துச் சொல்லியிருக்கிறேன். இந்த விதியை நம்புகிறவன் நான். அப்படியிருந்தும் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பாட்டி கேட்டதற்கு இன்னும் மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பட்டியலில் இருந்த வீட்டில் புருஷன் பெண்சாதி இருவருக்கும் ஃபேக்டரி வேலை. விடியுமுன் பஸ் ஏறினால் ஓவர்டைம் முடிந்து ராத்திரிதான் வருவார்கள். நாங்கள் போகும்போதெல்லாம் இதைச் சொல்லி அனுப்பியவர் பக்கத்து வீட்டுப் பாட்டிதான். கடைசித் தடவை அவர் படியைவிட்டு எழுந்தே வந்துவிட்டார்.

“அவங்க இருக்கமாட்டாங்க தம்பி. அவங்களுக்குப் பதிலா என்னை எழுதிக்குங்களேன். நான் எப்பவும் இங்கதானே கெடக்கேன்.”

“அப்படி எழுத முடியாது பாட்டி. உங்க வீடு இதுல வரல.”

“ஏன் வரல?”

“எல்லா வீட்டையும் பார்க்க முடியாதுல்ல. குலுக்கிப் போட்டு எடுத்தது. உங்க நம்பர் விழல.”

பாட்டி சிரித்துவிட்டார். “எனக்கு எந்தக் காலத்துல நம்பர் விழுந்திருக்கு? சரி, வாயையாச்சும் பாத்துட்டுப் போங்க.”

பதிவெழுத வந்த மலாய்க்காரப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். கணக்கெடுப்புப் பாரத்தை, அதாவது படிவத்தை, மூடி மடியில் வைத்துக்கொண்டாள். நான் நெற்றி விளக்கைப் போட்டேன்.

வெற்றிலை போடுகிறவர்களின் வாயை எடுத்த எடுப்பில் பார்த்து எதுவும் சொல்லிவிட முடியாது. கன்னத்தின் உட்புறத்தில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு படிவு ஒட்டியிருக்கும். அது பெரும்பாலும் வெறும் கறை, துடைத்தால் வந்துவிடும். அதனால் முதலில் கொப்பளிக்கச் சொல்லவேண்டும். பாட்டி மூன்று வாய்த் தண்ணீர் கொப்பளித்துத் துப்பினார், மூன்றாவதும் சிவப்பாகத்தான் போனது. இடது கன்னத்தைக் கண்ணாடியால் விலக்கினேன். கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, அவர் வழக்கமாக வெற்றிலையை அடக்கும் இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு. துணியால் துடைத்தேன், போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தும் போகவில்லை. வாயைப் பெரிதாகத் திறக்கச் சொன்னேன். மூன்று விரல் நுழையவேண்டிய இடத்தில் இரண்டுதான் தாராளமாக நுழைந்தது.

“நான் பொகையில போடறதில்ல தம்பி. வெறும் பாக்குதான்” என்றார் அவராகவே, ஏதோ குற்றம் சாட்டப்பட்டவர்போல. முப்பது வருடத்துக்கு முன்னால் அந்த வாதத்துக்கு ஓரளவு மதிப்பு இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-ல் புகையிலை சேர்த்த வெற்றிலையைத்தான் புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியாகச் சொன்னது. 2004-ல் வெளியிட்ட தொகுதியில் புகையிலை இல்லாத வெற்றிலைச் சுருளையும் தனிப் பாக்கையுமே அந்த வரிசையில் சேர்த்துவிட்டது. இதையெல்லாம் வாசற்படியில் நின்று சொல்ல முடியுமா? “பாக்கும் ஆகாது பாட்டி, விட்டுடுங்க. இந்தத் திட்டை ஈப்போ ஆஸ்பத்திரியில ஒருதரம் காட்டணும்” என்று சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். களப்பணியில் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது, சதை எடுத்துப் பார்க்காமல் யாராலும் சொல்லவும் முடியாது. இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

சந்தேகம் அதற்கப்புறம் நடந்ததில்தான். கடிதத்தை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, “அந்தப் பாரத்துலயும் எழுதியாச்சா?” என்றார்.

“இல்ல பாட்டி. அதுல எழுத முடியாது.”

“அப்ப இந்தத் தோட்டத்துல வாய் கெட்டவங்க யாரும் இல்லேன்னுதானே மேல போகும்?”

“அப்படி இல்ல. மத்த வீட்டுலேருந்து தெரிஞ்சிடும்” என்றேன்.

இந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் எந்த அளவுக்கு உண்மை?

முதலில் என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். பகலில் வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்கள், நோயாளிகள், வேலை இல்லாதவர்கள். பூட்டிய வீடுகளையெல்லாம் இவர்களை வைத்து நிரப்பினால், நாட்டில் பாதிப் பேருக்கு வாய் கெட்டுக்கிடப்பதாகத் தெரியும். தானாக முன்வந்து ‘என் வாயைப் பார்’ என்கிறவருக்கு வாயில் ஏதாவது இருக்கத்தான் செய்யும். அந்தப் பாட்டிக்கும் உள்ளூர ஏதோ தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். இப்படிச் சேர்த்த எண்ணை எந்த அதிகாரியும் ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுவார்.

தள்ள முடியாத எண் என்றால் என்ன என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 1993–94-ல் நாடு முழுக்க வாயின் உட்தோலை மட்டும் பார்த்த கணக்கெடுப்பில் 11,697 பேரைச் சோதித்தார்கள். புற்றுநோய் இருந்தது 5 பேருக்கு. புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் 165 பேருக்கு. இந்தியர்களிடம் அந்த மாற்றங்கள் 4 விழுக்காடு, சீனர்களிடம் 0.5. ‘தோட்டத்தில் கிழவிகள் வெற்றிலை போடுகிறார்கள்’ என்று எல்லாரும் சும்மா சொல்லிக்கொண்டிருந்த பேச்சு, எட்டு மடங்கு என்ற எண்ணானது. 1997-ல் சுகாதார அமைச்சு தொடங்கிய வாய்ப் புற்றுநோய்த் தடுப்புத் திட்டத்தில் தோட்டங்களைத் தேடிப் போய் வாய் பார்ப்பதும் சேர்ந்தது. எண் இல்லாமல் வாய் பார்க்கும் வேன் வராது. பட்டியலை மதித்ததால்தான் அந்த எண்ணுக்கு மரியாதை.

அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் உண்டு. சோதிக்கப்பட்டவர்களில் 59.8 விழுக்காடு பெண்கள். நாட்டு மக்கள்தொகையில் பெண்கள் அவ்வளவு இல்லை. கதவைத் தட்டியபோது வீட்டில் இருந்தது யார் என்பதை அந்த எண் சொல்கிறது என்பது என் ஊகம். ஆக, எவ்வளவு கறாராக இருந்தாலும் வீட்டில் இருப்பவர்கள் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, இதை வகுப்பில் நான் அழுத்திச் சொல்வதில்லை. ‘பதில் இல்லை’ என்று குறித்த வீடு கணக்கிலிருந்து மறைந்துபோவதில்லை. கடைசியில் கணினியில் ஒவ்வொரு வாய்க்கும் ஓர் எடை போடுவார்கள், ஒருவர் இத்தனை ஆயிரம் பேருக்குச் சமம் என்று. பூட்டிய வீட்டின் எடையையும் அதே வகையைச் சேர்ந்த, கதவு திறந்தவர்களின் தலையில் ஏற்றிவிடுவார்கள். அந்த ஃபேக்டரித் தம்பதியின் வாய்க்குப் பதிலாக வேறெங்கோ ஒரு தோட்டத்துக்காரரின் வாய் பேசும். யோசித்தால் அதுவும் மாற்று வீடுதான். பாட்டி கேட்டது அப்படியொன்றும் விவரம் தெரியாத கேள்வி இல்லை. எங்கள் மாற்றை எந்திரம் செய்கிறது, அவர் தன்னைத் தானே முன்னிறுத்தினார், வித்தியாசம் அவ்வளவே. அந்த வித்தியாசம் பெரிது என்று ஒரு மணி நேரம் என்னால் பேச முடியும், பேசியும் இருக்கிறேன்.

தோட்டமும் இப்போது அந்தத் தோட்டம் இல்லை. ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. ஜனங்கள் டவுனைச் சுற்றித் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் போய்விட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், அவர்கள் எங்கள் பட்டியலிலேயே கிடையாது. வெற்றிலைப் பையோடு டவுனுக்குப் போன பாட்டி காகிதத்தில் நகரவாசி. மிச்சம் இருக்கும் நாலு தமிழ் வீட்டில் ஒன்று குலுக்கலில் விழுந்து, அதுவும் பூட்டியிருந்தால், ‘மத்த வீட்டுலேருந்து தெரிஞ்சிடும்’ என்று நான் சொன்னேனே, அந்த மற்ற வீடு எது?

பாட்டியின் தலைமுறை பட்டியலில் பேர் இருக்கிறதா என்று ஆபீஸ் ஜன்னல்களில் நின்று கேட்ட தலைமுறை. 1969-ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் சட்டம் வந்தபோது பெட்டி கட்டிக் கப்பலேறியவர்களைப் பார்த்தவர்கள். குடிமக்களுக்கான அடையாள அட்டையான நீல ஐசிக்கு அலைந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ‘உங்க வீடு இதுல வரல’ என்று சொல்லும்போது அது குலுக்கலாக மட்டும் காதில் விழாது. இது எனக்கு இப்போது தோன்றுவதா, அன்றைக்கே தோன்றியதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒருவேளை பாட்டி அப்படியெல்லாம் நினைக்கவே இல்லையோ என்னவோ. சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

உள்ளூர் கிளினிக்கில் விசாரித்தேன். ஈப்போவுக்குப் போய் வந்துவிட்டாராம். சதை எடுத்துப் பார்த்து, இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் தவறாமல் வந்து காட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பாக்கை விடவில்லை, குறைத்திருக்கிறாராம். ஆக, கடிதம் அதன் வேலையைச் செய்தது. பாரத்தில் எழுதியிருந்தால் அவருக்கு இதைவிட அதிகமாக எதுவும் கிடைத்திருக்காது. அப்புறம் என்ன உனக்கு என்று மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி.

சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தேன். பட்டியலுக்கு வெளியே இருந்து வந்து வாய் காட்டுகிறவர்களை ஒரு தனித்தாளில் குறிக்கலாம், வயது, பாக்குப் பழக்கம், வாயில் கண்டது, கடிதம் கொடுத்தோமா என்று. புள்ளிவிவரம் பார்க்கும் அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எழுதலாம் டாக்டர். எத்தனை பேரில் இத்தனை பேர் என்று சொல்வீர்கள்? கோட்டுக்குக் கீழே என்ன எண் போடுவீர்கள்?” என்றார். என்னிடம் எண் இல்லை. எண் இல்லாவிட்டாலும் தாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். அப்படியானால் அது ஆய்வு இல்லை, கிளினிக் வேலை, அவர்களிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். அதுவும் சரிதான். தாளின் மாதிரியைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். கிளினிக்குக்கு அனுப்புவதா, அடுத்த கூட்டத்தில் அவரிடமே இன்னொரு தரம் நீட்டுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.