காது ஆறும் வரை

மே 28
இரண்டு காதும் இன்னும் அடைத்தபடி. இரண்டு கிழமைக்குக் கடல் என்ற பேச்சே கூடாது என்கிறார் டொக்டர். மச்சான் நாளைக் காலை கல்குடா போகிறான், கடலடியில் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலைச் சுழியோடிப் பார்க்க. பக்கத்தில் துணையாகச் சுழியோடுவது யார் என்று கேட்டேன். கொழும்பிலிருந்து ஒரு தம்பியாம்.

மே 29
கச்சான் காற்று. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

மே 29, இரவு
நினைத்ததுதான் நடந்திருக்கிறது. அந்தத் தம்பி முழு நேரமும் மச்சானுக்கு மேலே, பின்னால் நீந்தியிருக்கிறான். முகமூடி போட்டவனுக்கு நேரே தெரிவதே கொஞ்சம். தலைக்கு மேலே இருப்பவனை எப்படிப் பார்ப்பது? ஒவ்வொரு தடவையும் உடம்பையே புரட்ட வேண்டும். வலமா இடமா என்று படகிலேயே பேசி, தோளுக்கு நேரே, ஒரே ஆழத்தில் வர வேண்டும். கையை நீட்டினால், மிஞ்சிப்போனால் இரண்டு உதையில், பிடிபட வேண்டும். 24 மீற்றரில் காற்று மேலே தீர்வதைவிட மூன்று மடங்குக்கும் கூடுதலாகத் தீர்கிறது. தீர்ந்து போனவன் மூச்சை விட்ட பிறகு எவ்வளவு தூரம் நீந்துவான்?

மே 31
இன்றுதான் மச்சான் மீதியைச் சொன்னான். திரும்பிப் பார்த்தால் தம்பி இல்லை. ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாக ஏறி, மேலே காத்திருந்தான். அதுதான் முறை. தம்பியோ கீழேயே நின்று தேடிக்கொண்டிருந்தானாம்! மேலே நிற்பவனுக்குக் கீழே இருப்பவனின் மூச்சுக் குமிழிதான் அடையாளம். காற்று கிளப்பிய நுரைக்குள் எது குமிழி? கொழும்புத் தம்பி கெட்டிக்காரன்தான், நூறு மீன்களின் பெயர் சொல்வானாம். எனக்கு மீன் வேண்டாம்.

ஜூன் 2
ஆகஸ்டில் ஹெர்மிஸ் போகலாம் என்கிறான் மச்சான், மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல். அதுவும் சார்ஜன்ட் மூழ்கிய அதே நாள்தான் போனது, 1942 ஏப்ரல் 9. ஆனால் ஆழம் 50 மீற்றருக்கும் மேல். அங்கே நைட்ரஜன் மயக்கம், ஆழத்தில் சுவாசிக்கும் காற்றால் வரும் போதை, வந்தால் வந்தவனுக்குத் தெரியாது, சிரித்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருப்பவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். யாரோடு போகிறாய் என்றேன். தேநீரைக் குடித்தான்.

ஜூன் 3
வலது காது திறக்கிறது. இடது இல்லை.

ஜூன் 5
மச்சான் வந்தான். விறாந்தைச் சீமெந்தில் இரண்டு பேரும் குப்புறப் படுத்து, முழங்காலை மடித்து, பாதத்தை மட்டும் ஆட்டிப் பார்த்தோம். அவன் வலப்பக்கம். பெருவிரலை உயர்த்தினான், 'மேலே போவோம்'. அம்மா அதை 'நல்லது' என்று எடுத்துக்கொண்டு, "என்னடா நல்லது, எழும்பு மகன், ஆட்கள் பார்க்கிறார்கள்" என்றார்.

நாளை டொக்டரிடம் நம்பர் 17.