டான் டிரேப்பரின் பயம்

'மேட் மென்' தொடரை மறுபடியும் பார்க்கிறேன். நியூயார்க் விளம்பர நிறுவனம் ஒன்றில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் ஆள் டான் டிரேப்பர். நிஜத்தில் அவன் டிக் விட்மன். கொரியப் போரில் இறந்துபோன அதிகாரியின் பெயரில் வாழ்பவன்.

முதல் சீசனில் இந்த ரகசியம் உடன் வேலை பார்க்கும் பீட் கேம்பலிடம் மாட்டிவிடுகிறது. அவ்வளவு மிடுக்கான டான் காதலி ரேச்சலிடம் ஓடிப்போய், எங்காவது போய்விடலாம் வா என்று கெஞ்சுகிறான். அப்புறம் பீட் முதலாளி கூப்பரிடம் போட்டுக்கொடுத்தால், அவர் அசரவே இல்லை. அதனால் என்ன என்று விட்டுவிடுகிறார்! வேலை தெரிந்தவன் அவருக்குப் போதும்.

நான் யார் பெயரையும் எடுத்துக்கொள்ளவில்லை. படித்து, நேர்முகத்தில் தேறி வந்த வேலைதான். ஆனாலும் மேனேஜர் "ரெண்டு நிமிஷம் உள்ளே வாங்க" என்றால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இன்றோடு சாயம் வெளுத்துவிடும் என்றே தோன்றும். பாராட்டத்தான் கூப்பிட்டிருப்பார்.

1978இல் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் இந்தப் பயத்தைப் பற்றி எழுதியபோது, அவர்கள் கவனித்தது நன்றாகச் சாதித்த பெண்களை. அதைப் படித்ததும் பெரிய ஆறுதல்.

உங்களில் யாருக்காவது இது உண்டா? சொல்லுங்கள், பேசலாம்.